120ஆவது நிமிட கோலும் அதன் பின்னால் நின்ற இரண்டு ஆண்டுக் கணக்கும்

கேள்வி இதுதான்: "2016 எஃப்.ஏ.ஐ (அயர்லாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதியின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். 51,700 பேர் அமரக்கூடிய அரங்கில் பாதிதான் நிரம்பியிருக்கிறது. ஆடுகிற கார்க் சிட்டி, டண்டால்க் இரண்டுக்குமே அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் இடம் ஏற்கெனவே உறுதி. விழுந்தது ஒரே ஒரு கோல். அதற்கு ஏன் அவ்வளவு கொந்தளிப்பு? கடைசி நிமிடத்தில் விழுந்ததாலா, வேறு காரணம் உண்டா? இப்படி ஓர் இறுதியை நேரில் பார்க்கப் போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

வேறு காரணம் உண்டு. நிமிடம் முக்கியம்தான், ஆனால் அது திரி மட்டுமே. வெடிமருந்து இரண்டு வருடமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அதனால் 2016ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் புரியாது. 2015, 2016, 2017 மூன்று இறுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் அதே இரண்டு அணிகள், மூன்றும் 90 நிமிடத்தில் முடியவில்லை. ஒன்று 107ஆவது நிமிட கோலில் முடிந்தது, ஒன்று 120ஆவது நிமிட கோலில், ஒன்று பெனால்டியில். ரசிகர்கள் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்று படிக்க இதைவிட நல்ல தொடர் அயர்லாந்துக் கால்பந்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "ஐரிஷ் கோப்பை" என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால் பெரும்பாலும் வட அயர்லாந்தின் கோப்பைதான் வரும். அது 1880-81இல் தொடங்கியது, இறுதி பெல்ஃபாஸ்டின் விண்ட்சர் பார்க்கில் நடக்கிறது. அங்கும் இழுபறிகளுக்குப் பஞ்சமில்லை. 2024இல் கிளிஃப்டன்வில், லின்ஃபீல்டைக் கூடுதல் நேரத்தில் 3-1 என்று வென்று 45 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. அடுத்த ஆண்டே டங்கானன் ஸ்விஃப்ட்ஸ் அதே கிளிஃப்டன்வில்லைப் பெனால்டியில் வென்று முதல் தடவையாகக் கோப்பையைத் தொட்டது. நீங்கள் பார்த்தது தெற்கின், அதாவது அயர்லாந்துக் குடியரசின் கோப்பை. 1921-22இல் தொடங்கியது, எஃப்.ஏ.ஐ நடத்துவது, இறுதி டப்ளினில். இன்னொன்று: அயர்லாந்தில் "ஃபுட்பால் ஃபைனல்" என்று சொன்னால் பலர் கேலிக் ஃபுட்பாலைத்தான் நினைப்பார்கள். அது கையாலும் ஆடும் வேறு ஆட்டம். அதே 2016இல் டப்ளின்–மேயோ கேலிக் இறுதி சமனாகி, மறுஆட்டம் ஒரே ஒரு புள்ளியில் தீர்ந்தது. ஆக அந்த இலையுதிர்காலம் முழுவதும் அந்த நாட்டுக்கு நெஞ்சு படபடப்புதான்.

இனி அந்தப் பழைய கணக்கு. 2014 அக்டோபர் 24, லீக்கின் கடைசி நாள். கார்க் ஒரு புள்ளி முன்னிலையில் டண்டால்க்கின் ஓரியல் பார்க்குக்கு வந்தது. சமன் செய்தால் போதும், பட்டம் கார்க்குக்கு. டண்டால்க் 2-0 என்று வென்றது. 19 ஆண்டுக்குப் பிறகு அந்த ஊருக்கு லீக் பட்டம். கார்க் ரசிகர்கள் எதிராளியின் மைதானத்தில், எதிராளியின் கொண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேற வேண்டியிருந்தது. 2015இல் மறுபடி டண்டால்க் முதலிடம், கார்க் இரண்டாமிடம். 2016இல் மூன்றாம் முறையாக அதே வரிசை. இடையில் 2015 நவம்பர் 8, கோப்பை இறுதி: 107ஆவது நிமிடத்தில் ரிச்சி டவெல் அடித்தார், டண்டால்க் 1-0. லீக், கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் அள்ளியது. 1988க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் இரட்டை.

இதைக் கார்க் பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். மூன்று லீக், ஒரு கோப்பை, நான்கும் ஒரே அணியிடம் போயின. ஒவ்வொரு தடவையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 2016 நவம்பர் 6 அன்று டப்ளினின் அவீவா அரங்கில் 119 நிமிடம் 0-0 என்று நகர்ந்தபோது, அந்தப் பக்கத்தில் நின்றவர்களின் தலைக்குள் ஓடியது முந்தைய ஆண்டின் 107ஆவது நிமிடம்தான். "இன்னொரு முறையா?" என்ற பயம். அந்தப் பயம் ஒரு நொடியில் கழன்று விழுந்தபோது வந்த சத்தத்தைத்தான் நீங்கள் கேட்டீர்கள். அதை மகிழ்ச்சி என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் பாதிக்கு மேல் விடுதலை.

கோல் அடித்தவர் யார் என்பதும் சேர்ந்துகொண்டது. ஷான் மக்வயர் 2015 இரண்டாம் பாதியில் டண்டால்க்கில் இருந்தவர். அங்கே அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு முடிந்ததும் கார்க் அழைத்துக்கொண்டது. நீங்கள் தேவையில்லை என்று விட்டவர், உங்கள் கோப்பையைக் கடைசி நிமிடத்தில் பறிக்கிறார். இது ஒரு பக்கத்துக்குத் தேன், மறு பக்கத்துக்கு ஆறாத புண்.

இரண்டு அணிக்கும் ஐரோப்பிய இடம் உறுதி என்று சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். அந்த ஆண்டுகளில் விதி இப்படி: லீக் சாம்பியன் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு, இரண்டாம், மூன்றாம் இடங்கள் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றுக்கு, கோப்பை வென்றவர் நான்காவது இடத்துக்கு. கோப்பை வென்றவர் ஏற்கெனவே முதல் மூன்றில் இருந்தால், அந்த இடம் லீக்கில் நான்காவது வந்த கிளப்புக்குப் போகும். கார்க்கும் டண்டால்க்கும் 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டும் முதல் இரண்டு இடங்களை விடவே இல்லை. எனவே 2015 முதல் நடந்த அவர்களது இறுதிகளில் யார் ஜெயித்தாலும் ஐரோப்பியக் கணக்கு மாறாது. பெரும்பாலான சிறிய நாடுகளில் கோப்பை இறுதியின் பதற்றத்தில் ஐரோப்பியப் பணமும் கலந்திருக்கும். ஒரு தகுதிச் சுற்றின் பணமே கிளப்பின் ஆண்டுச் செலவில் கணிசமான பகுதியைத் தாங்கிவிடும் அல்லவா? இங்கே அது இல்லை. ஆகவே இந்த மூன்று ஆட்டங்களில் கண்ட உணர்ச்சி கலப்பில்லாதது. பணத்துக்காகவோ அடுத்த ஆண்டுப் பயணத்துக்காகவோ யாரும் கத்தவில்லை, யார் மேல் என்பதற்காக மட்டுமே கத்தினார்கள். அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன்.

அளவையும் நினைவில் வையுங்கள். 2016 இறுதிக்கு வந்தவர்கள் 26,400 பேர். அரங்கில் பாதி காலி என்பது உண்மைதான். ஆனால் 2016 மக்கள்தொகைக் கணக்குப்படி டண்டால்க் நகரில் ஏறக்குறைய 39,000 பேர், கார்க் நகரில் 1,25,000 பேர். கார்க்கின் சொந்த மைதானமான டர்னர்ஸ் கிராஸ் 7,000 சொச்சம் பேரைத்தான் கொள்ளும், ஓரியல் பார்க் அதைவிடவும் சிறியது. ஆக வழக்கமாகச் சில ஆயிரம் பேர் முன்னால் ஆடுகிற இரண்டு கிளப்புகள், இப்படி அபூர்வமான நாள்களில் மட்டும் தேசிய அரங்கில் ஆடுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் முகம் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்து இருக்கையில் பள்ளி ஆசிரியர், பின்னால் பேக்கரிக்காரர், இரண்டு வரிசை தள்ளி ஆட்டக்காரரின் அம்மா என்கிற மாதிரிக் கூட்டம் அது. தெரிந்தவர்களோடு சேர்ந்து பயப்படும்போது பயம் பெருகும், விடுபடும்போது விடுதலையும் பெருகும்.

கிளப்பின் உடைமையும் இதில் உண்டு. கார்க் சிட்டியைப் பழைய உரிமையாளர்கள் காலத்துக் கடன் விழுங்கியபோது, 2010இல் ஃபோராஸ் என்ற ரசிகர் சங்கம் அதைக் கையிலெடுத்து இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மறுபடி தொடங்கியது. 2011இல் அந்த லீக்கை வென்று மேலே வந்தார்கள். 2016இல் கோப்பையைத் தூக்கியபோது அரங்கில் நின்ற பலர் சந்தா கட்டிய பங்காளிகள். டண்டால்க் கதையும் லேசானதல்ல. 2012இல் கிளப் மூடப்படும் நிலைக்குப் போய், தகுதியிறக்கத்தை பிளே-ஆஃப் ஆட்டத்தில் தப்பித்து, உள்ளூர்க்காரர்கள் வாங்கியதால் பிழைத்தது. 2013 சீசனுக்கு ஸ்டீபன் கென்னி பயிற்சியாளராக வந்தார், நான்கே ஆண்டில் ஐரோப்பாவில் தலைகாட்டும் அணியாக்கினார். செத்துப் பிழைத்த இரண்டு கிளப்புகள் மோதுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

அடுத்து, கோல் விழும் நிமிடம். 107ஆவது நிமிட கோலுக்கும் 120ஆவது நிமிட கோலுக்கும் ரசிகரின் உடம்பில் பெரிய வேறுபாடு உண்டு. 107இல் விழுந்தால் இன்னும் 13 நிமிடமும் அதற்குமேல் வீணான நேரத்துக்கான சேர்ப்பும் மிச்சம். அடித்த பக்கம் அரை நிமிடம் கத்தும், பிறகு சட்டென்று அடங்கிவிடும். கடிகாரத்தைப் பார்ப்பது, எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் முகத்தை மூடுவது, பந்து வெளியே போனால் கைதட்டுவது என்று போகும். விசில் ஊதியபின்தான் உண்மையான கொண்டாட்டம். ஆகவே மகிழ்ச்சி இரண்டு தவணையில் வரும். தோற்கும் பக்கத்துக்கும் நம்பிக்கை மிச்சமிருப்பதால், அங்கே சத்தம் குறையாது, ஏறும். 2015இல் டண்டால்க்குக்கு வாய்த்தது இந்த வகை.

120இல் விழுந்தால் இரண்டு தவணையும் ஒன்றாகிவிடும். பதில் அடிக்க நேரமில்லை. கோலுக்கும் விசிலுக்கும் இடையில் பயப்படக்கூட அவகாசமில்லை. அதோடு, அந்த நேரத்தில் எல்லாரும் மனத்தளவில் பெனால்டிக்குத் தயாராகியிருப்பார்கள். யார் யார் அடிப்பார்கள், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வார் என்று பேச்சு தொடங்கியிருக்கும். எதிர்பார்ப்பு வேறெங்கோ இருக்கும்போது விழுகிற அடி அது. தோற்ற பக்கத்தில் கோபம் கூட முதலில் வராது, ஓர் உறைவுதான் வரும். தொலைக்காட்சியில் அந்தப் பக்கத்தைக் காட்டும்போது கைகள் தலைமேல் அப்படியே நிற்பதைப் பாருங்கள். கோபம் வர ஐந்தாறு நிமிடம் ஆகும்.

அயர்லாந்து லீக்கில் அந்த ஆண்டுகளில் வி.ஏ.ஆர் (வீடியோ பார்த்து நடுவர் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை) கிடையாது என்பதும் பெரிய விஷயம். உதவி நடுவரின் கொடி எழவில்லை, நடுவர் நடுக்கோட்டைக் காட்டுகிறார், அவ்வளவுதான், கோல். இங்கிலாந்து லீக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்போது ஒரு தயக்கம் ஊறிவிட்டது: குதித்துவிட்டு, திரையைப் பார்த்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி குதிப்பது. அந்தத் தயக்கம் இல்லாத கொண்டாட்டத்தை நீங்கள் இங்கே பார்த்தீர்கள். அது வித்தியாசமாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டண்டால்க் ரசிகர்கள் முன்வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு: களைப்பு. அந்த ஆண்டு அவர்கள் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டம் ஆடினார்கள். ஐஸ்லாந்தின் எஃப்.ஹெச், பெலாரஸின் பாட்டே இரண்டையும் தாண்டி, கடைசித் தடையில் லெகியா வார்சாவிடம் விழுந்தார்கள். பிறகு யூரோப்பா லீக் குழுச் சுற்று. குழுச் சுற்றில் புள்ளி எடுத்த முதல் ஐரிஷ் அணியும், வென்ற முதல் ஐரிஷ் அணியும் அவர்கள்தான். நவம்பர் 3, வியாழக்கிழமை, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெனித்திடம் 2-1 என்று தோற்றார்கள். அது அந்த ஆண்டின் பத்தாவது ஐரோப்பிய ஆட்டம். விமானம் ஏறித் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை கோப்பை இறுதி. 120 நிமிடம். இந்த வாதத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். மூன்று நாள் இடைவெளியில் கூடுதல் நேரம் ஆடும் அணிக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் முதலில் போவது ஓட்டம் அல்ல, கவனம். கிளியர் செய்யவேண்டிய பந்தை ஒரு நொடி தாமதமாகத் தொடுவார்கள். ஆனால் "களைப்பு இல்லையென்றால் ஜெயித்திருப்போம்" என்பதை ஏற்க முடியாது. முந்தைய ஆண்டு இறுதியும் 0-0 என்றே கூடுதல் நேரத்துக்குப் போனது, அப்போது ரஷ்யப் பயணம் எதுவும் இல்லை. ஜான் கால்ஃபீல்டு பயிற்றுவித்த கார்க், டண்டால்க்கின் பாஸ் ஆட்டத்தை நடுவில் நெருக்கி, இடத்தைச் சுருக்கி, ஆட்டத்தை நீட்டி இழுக்கத் தெரிந்த அணி. இறுதிகள் நீண்டது தற்செயல் அல்ல.

அந்த இறுதியோடு ஒரு காலமும் முடிந்தது. அயர்லாந்து லீக் 2003 முதல் கோடைக்கால லீக். அந்த ஆண்டுகளில் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிந்தது. கோப்பை இறுதிக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் லீக் ஆட்டம் கிடையாது. பல ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் சீசனோடு முடியும். எனவே இறுதியில் கைதட்டும்போது ரசிகர்களுக்குத் தெரியும், இந்தப் பதினொருவரில் சிலரை இந்தச் சட்டையில் இனிப் பார்க்கப் போவதில்லை. 2015க்குப் பிறகு டவெல் இங்கிலாந்தின் பிரைட்டனுக்குப் போனார். 2017 ஜனவரியில் டண்டால்க்கின் டாரில் ஹோர்கனும் ஆண்டி பாய்லும் இன்னோர் இங்கிலாந்து அணியான பிரெஸ்டனுக்கு. அந்தக் கோடையில் கார்க்கின் மக்வயரும் அதே பிரெஸ்டனுக்கே போய்ச் சேர்ந்தார். தோற்ற அணியை அதன் ரசிகர்கள் நின்று வழியனுப்புவதைப் பார்த்தால் அது வெறும் ஆறுதல் என்று எண்ணிவிடாதீர்கள், பிரியாவிடையும் அதற்குள் இருக்கிறது.

2017 நவம்பர் 5 இறுதிக்கு வருவோம். இந்த மூன்றில் ரசிகரை அதிகம் அலைக்கழித்தது இதுதான், என் கணிப்பில். கார்க் அந்த ஆண்டு லீக்கை வென்றுவிட்டது, ஆனால் ஜூலையில் மக்வயர் போனபிறகு தடுமாறித்தான் கோட்டைத் தொட்டது. 20 லீக் கோல் அடித்துவிட்டுப் பாதியில் போனவர் அவர். அந்த இடம் நிரம்பவே இல்லை. இறுதியில் 90 நிமிடம் 0-0. 95ஆவது நிமிடத்தில் டண்டால்க்கின் டேனிஷ் டிஃபென்டர் நிக்லஸ் வெமெலுண்ட் அடித்தார். 16 நிமிடம் டண்டால்க் பக்கம் கோப்பையைக் கையில் வைத்திருந்தது. 111இல் கார்க்கின் பிரெஞ்சு ஸ்ட்ரைக்கர் அஷீல் காம்பியோன் சமன் செய்தார். பிறகு பெனால்டி. கார்க் ஐந்தையும் உள்ளே போட்டது. டண்டால்க் அடித்த நான்கில் மைக்கேல் டஃபி அடித்ததை கோல்கீப்பர் மார்க் மெக்நல்டி தடுத்தார். ஐந்தாவதை கீரன் சாட்லியர் போட, 5-3. கார்க் சிட்டியின் வரலாற்றில் முதல் இரட்டை. மெக்நல்டி கார்க்கிலேயே பிறந்து, நல்ல நாளும் கெட்ட நாளும் அந்தக் கிளப்பிலேயே பார்த்தவர். தடுத்தது அவர் என்பது ஊருக்கு இரட்டிப்பு இனிப்பு.

பெனால்டி நேரத்தில் அரங்கம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். 2016 விதித் திருத்தத்துக்குப் பிறகு, எந்த கோல் பக்கம் அடிப்பது என்பதை நடுவர் நாணயம் சுண்டித் தீர்மானிக்கிறார். யார் முதலில் அடிப்பது என்பதற்கு இன்னொரு சுண்டல். இரண்டு முனைகளிலும் இரண்டு அணியின் ரசிகர்கள் இருப்பதால், முதல் சுண்டலே ஒரு பக்கத்துக்குப் பாதி கோல் மாதிரி. அதன் முடிவு தெரிந்ததும் எழும் சத்தத்தைக் கவனியுங்கள். அடிக்கும் தூரம் 11 மீட்டர். கோல்கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஆட்டக்காரர் நடுவட்டத்திலிருந்து நடந்து வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நடையின்போது எதிரணி ரசிகர்கள் விசிலடித்துக் கூச்சலிடுவார்கள், சொந்த ரசிகர்கள் மௌனமாக நிற்பார்கள். பந்து வலைக்குள் போனால் வரும் சத்தம் குட்டையானது, உடனே அறுந்துவிடும். காரணம், அடுத்த அடி வரப்போகிறது. தடுத்தால் வரும் சத்தம் நீளமானது. ஒன்பது பெனால்டிக்கு எட்டுப் பத்து நிமிடம் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் கூட்டம் இப்படிக் குட்டையும் நெடிலுமாக மூச்சு விடும்.

இன்னொரு நுட்பம். மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 105 மீட்டர், ஒரு முனைக் கூட்டத்துக்கும் மறுமுனைக் கூட்டத்துக்கும் இடையே 150 மீட்டருக்கு மேல். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. எனவே எதிர்முனையில் கோல் விழுந்தால், இந்த முனையில் இருப்பவர்கள் முதலில் வலை அசைவதைப் பார்ப்பார்கள், அரை நொடி கழித்துத்தான் சத்தம் வந்து இடிக்கும். தோற்கும் பக்கத்தில் நின்றவருக்கு அந்த அரை நொடி மௌனம்தான் மிகக் கொடியது. தொலைக்காட்சியில் இது தெரியாது, மைக்குகள் எல்லாவற்றையும் கலந்துவிடும்.

நேரில் போக ஆசை என்று கேட்டிருந்தீர்கள். அவீவா அரங்கம் டப்ளினின் தென்கிழக்கில், பழைய லான்ஸ்டவுன் ரோடு மைதானம் இருந்த அதே இடத்தில் 2010இல் திறக்கப்பட்டது. வடக்கு முனை மட்டும் ஒரே அடுக்கு, தாழ்வானது. பின்னால் உள்ள வீடுகளின் வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். அங்கே இருந்தால் பந்து அருகில், ஆனால் எதிர்க் கோல் பக்கம் நடப்பது சரியாகப் பிடிபடாது. ஆட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் பக்கவாட்டு ஸ்டாண்டில் நடுவரிசை. கூட்டத்தை உணர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு முனை. டிக்கெட் வாங்கும்போது எந்தப் பகுதி எந்த அணிக்கு என்று பார்த்து வாங்குங்கள். நடுநிலையாளராக முனைப் பகுதிக்குள் போய், எதிரணி கோலுக்குக் கைதட்டினால் யாருக்கும் நல்லதல்ல.

ரயிலில் போவது எளிது. டார்ட் எனும் நகர ரயிலில் லான்ஸ்டவுன் ரோடு நிலையத்தில் இறங்கினால் அரங்கம் தலைக்கு மேல். டண்டால்க் பக்கத்திலிருந்து கானலி நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து டார்ட்டில் நான்காவது நிறுத்தம். கார்க்கிலிருந்து வந்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹூஸ்டன் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் கானலி, பிறகு டார்ட். ஆட்டம் முடிந்ததும் நிலையத்தின் ரயில்வே கேட் அடிக்கடி மூடும், கூட்டம் சாலையில் தேங்கும்.

இங்கேதான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். 90 நிமிட ஆட்டம் என்பது இடைவேளை, சேர்ப்பு நேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். கூடுதல் நேரம் என்றால் இன்னும் 35 முதல் 40 நிமிடம். பெனால்டிக்கு, தயாராகும் நேரத்தோடு 15 நிமிடம். பதக்கம், கோப்பை வழங்க இன்னொரு 20 நிமிடம். ஆக மூன்று மணி நேரம் தாண்டும். ஆட்டம் தொடங்கி நான்கரை மணி நேரம் ஆவதற்குள் புறப்படும் ரயிலில் திரும்பப் பதிவு செய்யாதீர்கள். கார்க் ரயிலைப் பிடிக்க 105ஆவது நிமிடத்தில் எழுந்து போனவர் 2016இன் கோலையும் 2017இன் சமன் கோலையும் இழந்திருப்பார். நவம்பர் தொடக்கத்தில் டப்ளினில் மாலை 4:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், கூடுதல் நேரம் விளக்கொளியில்தான். மதிய வெயிலை நம்பி மெல்லிய சட்டையில் வந்தவர்கள் அப்போது நடுங்குவார்கள். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, வெளியே மழைக்கோட்டு, இரண்டும் வேண்டும்.

முனைப் பகுதியில் நின்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிட கோலுக்குப் பின்வரிசை முன்வரிசை மேல் சரியும். மடக்கு இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடிக்கும், அதுதான் வழக்கமான காயம். கண்ணாடி போட்டவர்கள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வது நல்லது. குழந்தையோடு போனால் முனையைத் தவிர்த்துவிடுங்கள். தீப்பந்தம் கொளுத்தும் பழக்கம் இங்கேயும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அது ஆயிரம் டிகிரிக்கும் மேல் எரிவது, தண்ணீர் ஊற்றினால் அணையாது, செயற்கை இழை ஜாக்கெட்டில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். கொளுத்துபவர் யாராக இருந்தாலும் அபராதம் கிளப் தலையில் விழும். சந்தா கட்டி நடத்துகிற கிளப்புக்கு அந்தப் பணம் ரசிகர்களின் பையிலிருந்தே போகிறது.

இங்கே கேட்க நேரும் ஒரு சொல்: "பார்ஸ்டூலர்". மதுக்கடை உயர நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலாந்து அணிகளை மட்டும் திரையில் பார்த்து, உள்ளூர் லீக்கை எட்டிப் பார்க்காத ஐரிஷ்காரரை லீக் ரசிகர்கள் இப்படி அழைப்பார்கள். இறுதிக் கொண்டாட்டத்தின் சத்தத்தில் ஒரு பங்கு அவர்களை நோக்கியது. "இங்கேயும் கால்பந்து இருக்கிறது, பாருங்கள்" என்கிற வெறி அது. பார்க்கவும் தொடங்கினார்கள். அதே இரண்டு அணிகள் நான்காவது ஆண்டாக மோதிய 2018 இறுதிக்கு 30,412 பேர் வந்தார்கள். பாட்ரிக் மெக்எலினியின் கோலில் டண்டால்க் 2-1 என்று வென்ற ஆட்டம், அந்தத் தொடரில் 90 நிமிடத்துக்குள் முடிந்த ஒரே இறுதி. 2021இல் செயின்ட் பாட்ரிக்ஸ் பெனால்டியில் போஹிமியன்ஸை வென்றபோது 37,126 பேர். அதே இரண்டு டப்ளின் அணிகள் 2023இல் மறுபடி மோதியபோது 43,881. எஃப்.ஏ.ஐ கோப்பை இறுதியில் அதுவரை கண்டிராத கூட்டம். டிக்கெட்டைக் கடைசி நாள் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரை இனி செல்லாது.

போவதற்கு முன் மூன்று இறுதிகளின் கூடுதல் நேரத்தையும் ஆண்டு வரிசையில் பாருங்கள். 2015இல் 107ஆவது நிமிடத்துக்குப் பிறகு கார்க் முனையை, 2016இல் 110ஆவது நிமிடத்திலிருந்து அதே முனையை, 2017இல் வெமெலுண்ட் கோலுக்கும் காம்பியோன் கோலுக்கும் இடைப்பட்ட 16 நிமிடத்தில் இரண்டு முனைகளையும் கவனியுங்கள். பந்தைப் பின்தொடராதீர்கள். சத்தத்தை மட்டும் கேளுங்கள், தேவைப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு.